இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தியவர்கள்

(திருப்போரூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தத் திருப்போரூரில் நின்றுகொண்டு பழையதைக் காப்பது பற்றிப் பேசுகிறவர் சிதம்பர சுவாமிகளைச் சொல்லாமல் தொடங்க முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் கந்தசாமி கோயிலை எடுத்துக் கட்டிய அவர் பாடியது திருப்போரூர்ச் சந்நிதி முறை. மொத்தம் 726 பாடல்கள். பனைமரத்தடியில் முருகன் கிடைத்தார் என்கிறது தலவரலாறு. பாடல்கள் தங்கியதும் பனையோலையில்தான். ஓலையைக் கறையான் அரிக்கும், ஈரம் தின்னும், ஓரம் நொறுங்கும். அதனால் தலைமுறைக்கு ஒருவர் உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார். அப்படி எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. படியெடுக்காமல் விட்டவை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் போயின. உ.வே. சாமிநாதையர் நெஞ்சு வெந்து சொன்ன கதை அது.

இன்றைய பொருள் ஓலையைவிட மிக இளையது. 3.8 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பழுப்பு நாடா. 90 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 130 மீட்டர் நாடா சுருண்டிருக்கும்; அதன் தடிமன் 12 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஓட்டன்ஸ் தலைமையில் உருவாகி, 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட பொருள். ஓட்டன்ஸ் 2021 மார்ச்சில் 94-ஆம் வயதில் காலமானார். அவர் செய்த பெட்டி உலகெங்கும் கோடிக்கணக்கான பரண்களில் இன்னும் கிடக்கிறது. திருப்போரூர்ப் பரண்களிலும் கிடக்கிறது.

முருகன் சந்நிதியில் ஆரம்பித்த பேச்சு நியூயார்க்குக்குப் போகப் போகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். கேசட்டைப் பற்றி உலகத்துக்கு மிகத் தெளிவாகப் பாடம் சொன்னவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

1973 ஆகஸ்ட் 11. பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். பள்ளி திறக்கும் நேரத்தில் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைக்கிறார். இசைத்தட்டு போடுகிறவர் அவருடைய அண்ணன் கிளைவ். கூல் ஹெர்க் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஹிப் ஹாப் இசை பிறந்த இரவு என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த இசையின் பாட்டான ராப் இசைத்தட்டாகக் கடைக்கு வந்தது 1979-இல்தான். ஷுகர்ஹில் கேங் குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்' உலகமெங்கும் ஓடியது அந்த ஆண்டில்.

நடுவில் ஆறு ஆண்டுகள். ஓர் இசை பிறந்து, தவழ்ந்து, தெருத்தெருவாக வளர்ந்த அந்த ஆறு ஆண்டுகளில் ஓர் இசைத்தட்டுகூட இல்லை. எந்த நிறுவனமும் அதைப் பதிவு செய்ய முன்வரவில்லை. இருந்ததெல்லாம் கேசட்டுதான். பூங்காவிலும் கூடத்திலும் நடந்த விருந்துகளை யாரோ பதிவு செய்தார்கள். அதைப் படியெடுத்து விற்றார்கள். பிராங்க்ஸில் வாடகைக்கு ஓடிய கார்களில் அந்த கேசட்டுகள் ஒலித்தன. நம் ஊர் மினி பஸ்ஸிலும் கல்யாண வேனிலும் பாட்டு ஓடியதைப் போலத்தான். அந்த ஆறு ஆண்டு ஹிப் ஹாப் எப்படி ஒலித்தது என்று யாருக்காவது இன்று தெரிய வேண்டுமானால் அந்த நாடாக்களைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த கட்டம் கல்லூரி வானொலியில் நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்து மாணவர் வானொலி டபிள்யூ.கே.சி.ஆர்., பண்பலை 89.9. அதில் 1990 அக்டோபரில் ஏட்ரியன் பார்டோஸ், பாபிட்டோ கார்சியா என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். 'ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங் அண்ட் பாபிட்டோ ஷோ' என்று பெயர். வியாழன் இரவு ஒரு மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை ஐந்து மணி வரை. விளம்பரதாரர் தேடிவராத நேரம். அதனாலேயே அங்கே முழுச் சுதந்திரம் இருந்தது. எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் ஆகாத இளம் பாடகர்கள் அங்கே வந்து, மைக் முன்னால் நின்று, அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடினார்கள். நாஸ், நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., வூ-டாங் கிளான், ஜே-இசட் எல்லோரும் உலகம் அறியும் முன்பே அந்த அறையில் பாடியவர்கள். 1995-இல் பிக் எல், ஜே-இசட் இருவரும் மாறி மாறி ஏழு நிமிடத்துக்கு மேல் பாடிய பதிவு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. ஜே-இசட்டின் முதல் தொகுப்பு வந்தது அதற்கடுத்த ஆண்டு. பிக் எல் 1999 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24.

அந்த ஏழு நிமிடங்களைத் தாங்கி வந்தது கேசட். அந்த நிகழ்ச்சியின் பதிவுகள் பரவியதெல்லாம் நேயர்கள் கையால்தான். கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிற இளைஞர்களும் நள்ளிரவில் கண்விழித்து, ரேடியோ-கேசட் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, 45 நிமிடத்துக்கு ஒருமுறை கேசட்டைத் திருப்பிப் போட்டார்கள். நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கு மூன்று கேசட். படியெடுத்து நண்பருக்குக் கொடுத்தார்கள், அவர் இன்னொருவருக்கு. கடல் கடந்தும் போனது. 'தி சோர்ஸ்' என்ற இசை இதழ் 1998-இல், ஹிப் ஹாப் வானொலி நிகழ்ச்சிகளிலேயே தலைசிறந்தது இதுதான் என்று எழுதியது. 2015-இல் பாபிட்டோ அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2007-இல் ஹிப் ஹாப்புக்கென்று தனித் தொகுப்பு ஒன்றைத் தொடங்கியது. அழைப்புத் துண்டறிக்கை முதல் ஒலிப்பதிவு வரை அங்கே அரிய நூல்களுக்குத் தரும் மரியாதையோடு வைக்கப்பட்டிருக்கின்றன.

ஒலிபரப்பியவர் விட்டதைக் கேட்டவர் காப்பது ஹிப் ஹாப்பில் மட்டும் நடந்ததில்லை. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1960-களில் எடுத்த 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளை, நாடாவை மறுபடி பயன்படுத்துவதற்காக அழித்துவிட்டது. படம் போனது போனதுதான். ஆனால் தொலைந்த ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று முழுமையாக இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் மைக்கை நீட்டிப் பதிவு செய்த சிறுவர்களின் வேலை அது.

இனி நம் வீட்டுக்கு வரலாம்.

தமிழ்நாட்டில் கல்லூரிப் பிள்ளைகள் வானொலியில் பேச நெடுங்காலம் ஒரே வாசல்தான் இருந்தது. 1969-இல் டெல்லியில் 'யுவவாணி' தொடங்கியது. நம் பக்கத்தில் 'இளையபாரதம்' என்ற பெயரில் இளைஞர் நிகழ்ச்சி வந்தது. கடற்கரைச் சாலையில் இருக்கும் வானொலி நிலையத்துக்குப் பேருந்து ஏறிப்போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு, ஒலிபரப்பாகும் நாளில் தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்ட மாணவர்கள் இந்த மாவட்டத்திலும் இருந்தார்கள். அன்று வானொலி நிலையங்களில் நாடா விலையுயர்ந்த பொருள். பெரிய வித்துவான்களின் கச்சேரி காப்பகத்துக்குப் போகும். கல்லூரி மாணவியின் கவிதை ஓடிய நாடா அழிக்கப்பட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போகும். அந்தக் கவிதை எங்காவது இருக்கிறதென்றால், அவருடைய அண்ணனோ மாமாவோ வீட்டு டூ-இன்-ஒன்னில் ரெக்கார்டு, பிளே இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தியிருக்க வேண்டும்.

டூ-இன்-ஒன் என்ற சொல்லை இன்றைய மாணவர்களுக்கு விளக்க வேண்டும். ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒரே பெட்டியில். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்புகிறவர் தோளில் தொங்கி வந்தது. அது வந்த நாளில் கேட்பவர் பதிவு செய்கிறவராக மாறினார். அதுவரை நாட்டில் ஒலியைப் பதிய முடிந்தவர்கள் பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனமும் அரசாங்கமும்தான். வட இந்தியாவில் இந்த மாற்றத்தை ஆராய்ந்த பீட்டர் மானுவல், 1993-இல் 'கேசட் கல்ச்சர்' என்ற நூலையே எழுதினார். ஒலி உலகம் ஒரு சிலர் கையிலிருந்து பலர் கைக்குப் போனதை அதில் விரிவாகக் காட்டினார். தமிழகத்துக்கு அப்படி ஒரு நூல் வர வேண்டும். டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் போய் கேசட்டை வாங்கிய அனுபவத்தை எழுத இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்தான் இருக்கிறார்கள். துபாயிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக வந்த கேசட்டும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாயார்கள் அதை மடியில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இலங்கை வானொலி நேயர்கள் தனி ஜாதி. 1952-க்குப் பிறகு அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் குறைந்தபோது, நம் கடற்கரை ஊர்களெல்லாம் கொழும்பைத்தான் திருப்பின. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் தமிழைக் கேட்டே பேசக் கற்றவர்கள் இந்தக் கரையில் எத்தனையோ பேர். கே.எஸ். ராஜா 1994-இல் கொல்லப்பட்டார். அந்தக் குரலைத் தேடுகிறவர்கள் இன்றும் போய் நிற்பது பழைய நேயர்களின் கேசட் பெட்டி முன்னால்தான். ஈழத்தமிழர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னே போய்விட்டார்கள். 1981-இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் அது. 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நூல்களோடு நிற்காமல் ஒலிப்பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் திரட்டி வருகிறது.

பிராங்க்ஸ் இளைஞனுக்கும் செங்கல்பட்டுச் சீமைக்கும் என்ன உறவு என்று இதற்குள் சிலர் மனத்தில் கேட்டிருப்பார்கள். அந்த உறவின் பெயர் கட்டியங்காரன், கூத்து மேடையின் கோமாளி.

பாரதக் கூத்து நடக்கும் வட தமிழ்நாட்டு ஊர்களில் இரவு பத்து மணிக்கு மேல் மேளம் கட்டினால் விடிந்துதான் அடங்கும். துரியோதனனும் அர்ச்சுனனும் பாடுகிற பாட்டு பெரும்பாலும் கூத்துப் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. கட்டியங்காரன் பேசுவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த வருஷத்து மழை, தேர்தல், ரேஷன் கடை வரிசை, முன்வரிசையில் தூங்கி வழிகிற நாட்டாண்மை, கூட்டத்தில் அழுகிற குழந்தை எல்லாம் அவர் வாயில் வந்து விழும். அந்த இரவில், அந்த ஊரில், அந்தக் கூட்டத்துக்காக மட்டும் பிறக்கிற பேச்சு அது. நியூயார்க்கில் பிக் எல் செய்ததும் அதே வேலைதான். வட சென்னையில் சாவு வீட்டு வாசலில் விடிய விடிய கானா எடுத்து விடுகிறவர் செய்வதும் அதுதான். எழுதி வைக்காத கலைக்குப் பதிவு ஒன்றே பிரதி.

ஒரு கணக்குப் போடலாம். ஓர் இரவுக் கூத்து எட்டு மணி நேரம். 90 நிமிட கேசட் ஆறு வேண்டும். திரௌபதி அம்மன் விழாவில் பத்து இரவு கூத்து நடந்தால் அறுபது கேசட். மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் இழுத்துப் பதிந்தவை உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் கேட்பதற்காக மேடை ஓரத்தில் டூ-இன்-ஒன்னை வைத்துவிட்டுப் போன தகப்பன்மார் பதிந்தவையும் உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி பிரூயினும் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்துக் குருகுலம் நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் கேட்டு வளர வேண்டிய முந்தைய தலைமுறை வாத்தியார்களின் குரல்கள் இம்மாதிரி நாடாக்களில்தான் இருக்கின்றன.

பழைய பதிவைப் பிறந்த ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. டச்சு அறிஞர் ஆர்னால்டு பேக் 1938-இல் தென்னிந்தியாவில் இசையையும் சடங்குகளையும் பதிவு செய்தார். 1984-இல் நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குப் போனார்கள். 46 ஆண்டு இடைவெளியில் எது நின்றது, எது மாறியது, எது இல்லாமலே போனது என்று ஊரார் வாயாலேயே கேட்டு எழுதினார்கள். பதிவு இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது. அதே ஜெய்ராஸ்பாய் முன்னின்று 1982-இல் அமைந்த இன இசையியல் ஆவணக் காப்பகம் இன்று குருகிராமில் இயங்குகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இசைத்தட்டுகளைப் போற்றி வைத்திருக்கிறது. கோட்டையூரில் தனியொரு மனிதர் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994-இல் எழுந்த நூலகம் அது. இசைத்தட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை கேசட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கேசட் மலிவானது, வீட்டில் செய்தது, மேலே பேனாவால் கிறுக்கியது. அதனால் அதைப் பொருளாக யாரும் நினைக்கவில்லை. இது பெரிய பிழை.

தமிழ் ராப்பின் கதையும் கேசட்டில்தான் ஆரம்பிக்கிறது. 1994-இல் 'காதலன்' கேசட்டில் 'பேட்டை ராப்' வந்தது. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீதுடன் அதில் பாடியவர் கிராமியப் பாடகி தேனி குஞ்சரம்மாள். ராப்புக்கு நாட்டுப்புறக் குரல் எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று அன்றே தெரிந்துவிட்டது. 2006-இல் மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்ராவும் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழா 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' வெளியிட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் ஒரே மூச்சில் பாடியது. இந்தக் கலைஞர்கள் முதல் கல்லூரி விழாவில் பாடியது, நண்பர் அறையில் முயன்று பார்த்தது, வானொலி நேர்காணலில் திடீரென்று எடுத்து விட்டது: இவற்றில் எத்தனை யாரிடமாவது பத்திரமாக இருக்கின்றன?

கல்லூரி வானொலி பற்றி இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 அலைவரிசையில் தொடங்கியது இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. நம் மாவட்டத்திலேயே காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். வளாகத்திலிருந்து முத்துச்சரம் ஒலிக்கிறது. உழவர், மீனவர், இருளர் குடியிருப்புப் பெண்கள், மாணவர்கள் என்று வேறெந்த ஊடகத்துக்கும் வேண்டாதவர்களின் குரல் வருவது இத்தகைய நிலையங்களில்தான். ஆனால் சமுதாய வானொலி நிலையத்துக்கு அரசு விதித்திருக்கும் நிபந்தனை, ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே. நாலாவது மாதம் அழித்தால் யாரும் கேட்க முடியாது. ஒரு மீனவப் பெண் வாழ்நாளில் ஒரே ஒருமுறை மைக் முன்னால் உட்கார்ந்து, தன் பாட்டி சொன்ன கதையைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆயுள் மூன்று மாதமா? நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் அழித்தார்கள், சரி. இன்று சேமிப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனி நாடாவின் உடல்நிலை.

நெகிழித் தாள்மேல் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசைபோல ஒரு பொருளால் ஒட்டியிருப்பதே ஒலிநாடா. காந்தப் பதிவு அந்தத் துகளில் இருக்கிறது. ஈரக் காற்று பட்டுப் பட்டுப் பசை இளகும். பூஞ்சணம் வெள்ளையாகப் படரும். நாடாவைப் பிளேயரின் ஹெட்டில் அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிடும். காப்பகங்கள் 20 டிகிரிக்கு உட்பட்ட வெப்பமும் 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும் என்கின்றன. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை உள்ள நம் கரையில் உப்புக்காற்றோடு ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 விழுக்காட்டைத் தொட்டு நிற்கும். ஓடு வேய்ந்த வீட்டுப் பரணின் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தது; 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. இரண்டிலும் பெட்டி பெட்டியாக நனைந்தன.

நாடாவுக்கு முன்னால் பிளேயர் செத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதைவிடக் கவலை. பழைய கேசட் டெக்குகளுக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் உருகித் தாராக ஒழுகுகிறது. புதிதாக விற்கிற மலிவுக் கருவிகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இரைச்சல் குறைக்கும் டால்பி வசதியும் அவற்றில் கிடையாது. டெக் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் கடையை மூடிவிட்டார்கள். 2019-இல் யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தன: காந்தநாடாவில் இருப்பதை 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று. அந்தக் கெடு வந்துவிட்டது. நம் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன.

செய்ய வேண்டியது கடினமான வேலை இல்லை, பொறுமையான வேலை. கேசட்டின் மேல் ஓரத்தில் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறிப்போய்க்கூட அழிக்க முடியாது. பூஞ்சணம் தெரிந்தால் பிளேயரில் போடக்கூடாது. அது ஹெட்டையும் கெடுத்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். நனைந்ததை வெயிலில் காயவைக்கக்கூடாது. மூடி உடைந்திருந்தால் நாடாவை எடுத்து வேறொரு நல்ல கூட்டுக்குள் மாற்றலாம், ஐந்து திருகாணிதான். ஓட்டும் முன் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். பென்சிலைச் செருகிச் சுற்றிய விரல்களுக்கு இதெல்லாம் மறந்திருக்காது. பிறகு ஹெட்டின் சாய்வைச் சரிசெய்கிற சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பி, ஜால்ராவும் 'ச'கரமும் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பதிந்த கருவியும் ஓட்டுகிற கருவியும் வேறு என்பதால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இது தேவை. பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான். மங்கிப்போய்விட்டது என்று ஒதுக்கிய எத்தனையோ பதிவுகள் கால் சுற்றுத் திருப்பலில் உயிர்பெறும்.

எம்பி3-யாக மாற்றிவிட்டுக் கேசட்டைக் காயலான் கடைக்குப் போடுவது ஏட்டை ஆற்றில் விட்டதற்குச் சமம். சுருக்காத வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் ஒரு 90 நிமிட கேசட்டுக்கு ஏறத்தாழ 3.1 ஜிகாபைட் வரும். ஆயிரம் கேசட்டுக்கு 3.1 டெராபைட். ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். மூன்று பிரதி வைத்து, ஒன்றை வேறு ஊரில் வைக்க வேண்டும். விலை உயர்ந்தது நேரம்தான். கேசட்டை வேகமாக ஓட்டி ஏற்றக்கூடாது. 90 நிமிடப் பதிவுக்கு 90 நிமிடம். ஆயிரம் கேசட்டுக்கு 1,500 மணி நேரம். ஒருவர் ஒரே கருவியில் நாள்தோறும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 300 நாள். ஐந்து மாணவர்கள் ஐந்து டெக்கில் செய்தால் இரண்டு மாதம். ஒரு கோடை விடுமுறை.

ஒலியை மட்டும் ஏற்றினால் பாதி வேலைதான். 'பாரதம் 3, பி பக்கம்' என்று ஒட்டியிருக்கும் சீட்டு இன்னொருவருக்கு எதுவும் சொல்லாது. எந்த ஊர், எந்த வருஷம், யார் வேஷம் கட்டினார், மிருதங்கம் யார், பின்னால் இருமுகிறவர் யார் என்று தெரிந்தவரை உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும். தெரிந்தவருக்கு எண்பது வயது. நாடாவுக்காகக்கூடச் சற்றுக் காத்திருக்கலாம், அவருக்காகக் காத்திருக்க முடியாது.

உரிமை விஷயத்தையும் மறைக்கக்கூடாது. பாடியவருக்கும் ஆடியவருக்கும் தம் நிகழ்த்துதல்மேல் உரிமை உண்டு என்று 1994 திருத்தத்தில் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1999-இல் அதன் காலம் 50 ஆண்டாக உயர்ந்தது. இலாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ள 2012 திருத்தம் இடம் தருகிறது. காப்பது வேறு, ஊருக்கெல்லாம் பரப்புவது வேறு. கூத்துக் கலைஞரையோ குடும்பத்தாரையோ கேட்டு, அவர்கள் கையில் ஒரு பிரதி கொடுத்த பிறகே மற்றவர்க்குத் திறக்க வேண்டும். துபாய்க் கடித கேசட் அந்த வீட்டின் சொத்து. அதைப் பொதுவில் வைக்க யாருக்கும் உரிமையில்லை. ஏழைக் கலைஞரின் குரலைப் பேராசிரியரும் நிறுவனமும் எடுத்துக்கொண்டு போய், அவர் பேரன் அதைக் கேட்கக் காசு கொடுக்க வேண்டிய நிலை உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. திருப்போரூரில் அது நடக்கக்கூடாது.

ஆகவே மூன்று வேண்டுகோள். கல்லூரி நிர்வாகத்தார் ஓர் அறை, ஐந்து பழுதுபார்த்த டெக், ஒரு கோடை விடுமுறை தாருங்கள். சமுதாய வானொலி நடத்துகிறவர்கள் மூன்று மாதம் முடிந்த நிகழ்ச்சிகளை அழிக்காமல் ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள். கேசட் வைத்திருக்கும் பெரியவர்கள் இந்த வாரமே பரணில் ஏறிப் பெட்டியை இறக்குங்கள், நிழலில் வையுங்கள், மேல் ஓரத்துப் பற்கள் இரண்டையும் உடையுங்கள், ஒவ்வொரு கேசட்டிலும் யார் பாடுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கை நடுங்கினால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.